ஆடிக்காற்றில் காயாத சுவர்

1

போன வாரம் சாத்தூர்ப் பையன் ஒருவன் ஃபோன் செய்தான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். அவனும் மனைவியும் டொராண்டோவுக்கு வந்து, வாடகை வீடுகளில் இருந்து சலித்து, இந்த வருஷம்தான் சொந்த வீடு வாங்கியிருக்கிறார்கள். ஊர்ப்பக்கத்து ஆள் என்று உப்பு புளி முதல் டிரைவிங் லைசன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பான்.

"அக்கா, பேஸ்மென்ட் சுவரு நசநசன்னு இருக்கு. தடவுனா கையில தண்ணி ஒட்டுது. அப்படியே பலகைய அடிச்சு மூடிரலாமான்னு பாக்கேன். உங்க வீட்ல மூடுனீங்களா?"

"இப்ப ஒண்ணும் செய்யாத. ஈரம் எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாரு. நாளைக்குப் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியும் விட்டேன். ஆனால் "உங்க வீட்ல மூடுனீங்களா" என்று கேட்டானே, அதற்கு மட்டும் மழுப்பிவிட்டேன். அவனுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வாசலைப் பார்க்கும் வயது அவனுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் பேஸ்மென்ட் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நம் ஊரிலும் வீட்டுக்கு அஸ்திவாரம் உண்டு. கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும், சுவரைப் பிளந்துவிடும் என்று ஆழமாகத்தான் தோண்டுகிறோம். ஆனால் தோண்டிய குழியைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிவிடுகிறோம். இங்கே பனிக்குப் பயந்து அதைவிட ஆழமாகத் தோண்டுகிறார்கள். தோண்டியது வீணாகக் கிடப்பானேன் என்று, நிரப்பாமல் அதையே ஓர் அறையாக விட்டுவிடுகிறார்கள். நாலு பக்கமும் வெறும் கான்கிரீட் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மண். உச்சியில், வெளித்தரையை ஒட்டி, சின்னதாக இரண்டு ஜன்னல். துணி துவைக்கும் மெஷினும், வீட்டைச் சூடாக்கும் எந்திரமும், பிரிக்காத அட்டைப்பெட்டிகளும் அங்கேதான் கிடக்கும்.

நாங்கள் வீடு வாங்கிய புதிதில் என் அண்ணனிடம் இதை ஃபோனில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"பூமிக்குள்ளயா ரூமு?" என்றார். "கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தாலே உனக்குத் தல சுத்துமேட்டி."

2

எங்கள் வீட்டுக்காரருக்குக் கழுகுமலை. கோவில்பட்டி நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். எனக்குக் கோவில்பட்டியேதான். எங்கள் மகள் வளர்மதிக்கு எட்டு வயதாக இருக்கும்போது, தொண்ணூற்று நாலில் இங்கே வந்தோம். வந்ததிலிருந்து அவருக்குக் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்குக் காப்பிக்கடையில் காலை ஷிஃப்ட்.

வளர்மதியின் பெயர் பள்ளிக்கூடத்தில் முதல் மாதமே சுருங்கி 'வேல்' என்று ஆகிவிட்டது. நான் கோபப்பட்டேன். இவரோ, ஒரு நாள் ஃபோனில் யாரோ ஒரு பிள்ளை "வேல் இருக்கிறாளா" என்று கேட்டதும், கழுகுமலை முருகனையே அழைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவளுடைய தமிழ் எட்டு வயதில் நின்றுவிட்டது. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. வளரவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வயதிலும் கோவில்பட்டியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பேசுவது போலவே பேசினாள். அவளுடைய பெரிய விஷயங்கள் எல்லாம் இங்கிலீஷில் நடந்தன. சாப்பாடு, தலைவலி, சண்டை இவை மூன்றும்தான் எங்களிடம் தமிழில் வந்துசேரும். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கதவு இருப்பதாகவும், அது எப்போது சாத்தப்பட்டது என்று தெரியாமலே போய்விட்டது என்றும் எனக்குத் தோன்றும்.

இரண்டாயிரத்து நாலில் பள்ளி முடித்தாள். இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். இன்னொன்று காரில் அரைநாள் ஓட்ட வேண்டிய ஊர். அங்கே போனால் ஹாஸ்டல்தான்.

"பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல படிச்சாப் போதும்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், இது எங்கள் அப்பா என்னிடம் சொன்ன வார்த்தை என்று ஞாபகம் வந்தது. எனக்குத் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்க ஆசை. அப்பா விடவில்லை. உள்ளூர்க் காலேஜில் படித்தேன். கெட்டுப்போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

வளர்மதி உடனே சண்டைக்கு வரவில்லை. சாப்பாட்டை முடித்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"பேஸ்மென்ட்ல எனக்கு ஒரு ரூம் கட்டிக் குடுங்க. சைடு வாசல் வழியா நான் போய் வருவேன். அப்படின்னா இங்கனயே படிக்கேன்."

"எப்பக்குள்ள?"

"ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஹாஸ்டலுக்கு வாரேன், வரலன்னு சொல்லணும். அதுக்குள்ள ரெடியானா நான் இருக்கேன்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. தலைக்கு மேலே இருக்கிற பிள்ளை காலுக்குக் கீழே இருக்கப் போகிறாள், இருக்கட்டுமே, ஒரே கூரைதானே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் நானும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

3

அறை கட்டுவது என்றால் பெரிய கட்டட வேலை ஒன்றும் கிடையாது. கான்கிரீட் சுவரை ஒட்டி மரச்சட்டம் நிறுத்தி, குளிர் வராமல் இருக்க நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, மேலே அட்டைப்பலகை அறைந்து பெயின்ட் அடித்துவிட்டால் அறை. மில்லில் எந்திரம் பார்த்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார் இவர்.

சட்டம் வாங்கிவந்து கீழே அடுக்கிய அன்றைக்குத்தான் சுவரை நன்றாகப் பார்த்தோம். இடுப்பளவுக்குக் கீழே கை வைத்தால் ஜில்லென்று ஈரம். ஒரு மூலையில் உப்புப் பூத்திருந்தது. அட்டைப்பெட்டிகளை நகர்த்தினால் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம்.

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு விழவில்லை. ஈரத்தைப் பற்றி எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா? நான் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸில் வளர்ந்தவள். தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர்.

கோவில்பட்டியில் இத்தனை தீப்பெட்டி ஆபீஸ் இருப்பதற்கு மழை இல்லாத பூமி என்பதுதான் காரணம் என்று அப்பா சொல்வார். குச்சியில் மருந்து முக்கிக் காய வைக்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் மருந்து தடவிக் காய வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அடுக்கி வைத்த குச்சியெல்லாம் நமுத்துப்போகும். அப்பா சரக்கு அறைக்குள் போய் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தே ஈரம் ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அதனால் ஆடி வந்தால் அந்த அறைக்கு ஒரு வேலை உண்டு. மேல்காற்று வீச ஆரம்பித்ததும் மேற்குக் கதவையும் கிழக்குக் கதவையும் விரியத் திறந்து போட்டுவிடுவார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். கண்ணில் மண் விழும், பெட்டித்தாள் பறக்கும், ஆனால் சுவரில் இருக்கிற போன வருஷத்து ஈரம்கூட ஓடிப்போகும். சுவர் காய வேண்டுமானால் காற்று வேண்டும். இது எனக்கு யாரும் பாடமாகச் சொன்னதில்லை. பசித்தால் சாப்பிட வேண்டும் என்பதைப் போலத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அப்பாவுக்குப் பிறகு ஆபீஸை அவர்தான் பார்க்கிறார்.

"இதுக்குப் போயா அங்கேருந்து காசு குடுத்துப் பேசுத? சன்னலத் தொறந்து போடு. வெயில் காலந்தான இப்ப உங்களுக்கு?"

"ஆமா, நல்ல வெயிலு."

"பெறவென்ன? ஆடிக்காத்துல காயாத சுவரு உண்டுமா?"

அன்றைக்கே இரண்டு ஜன்னல்களையும் திறந்தேன். ஒரு ஜன்னலில் ஃபேனை வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்தேன். நல்ல சூடான காற்று. உடம்பில் படும்போது ஊர் மாதிரியே இருந்தது. ஒரு வாரத்தில் சுவர் எலும்பாகக் காய்ந்துவிடும் என்று இவரிடம் சொன்னேன்.

4

ஒரு வாரத்தில் சுவரில் தண்ணீர் வழிந்தது.

நான் பொய் சொல்லவில்லை. முன்பு கை வைத்தால்தான் ஈரம் தெரியும். இப்போது மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, தரையில் கோடு போட்டு ஓடியது. வெளியே மழையும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. இன்னொரு ஃபேன் வாங்கி வந்து அடுத்த ஜன்னலிலும் வைத்தேன்.

இவருக்கு வேறு கட்சி. கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டுகிறது, அதுதான் மண்ணுக்குள் இறங்கிச் சுவர் வழியாகக் கசிகிறது என்றார். வீட்டைச் சுற்றி மண்ணைக் கொட்டி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு வைத்தார். குழாயை நீட்டி, புல்தரை நடுவே கொண்டுபோய் விட்டார். உப்புப் பூத்த மூலையில் கசிவு அதோடு நின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் அப்படியே வழிந்தது. அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்ததால் என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

சாமான் கடைக்குப் போனோம். முதலில் வந்த ஆள், சுவர் முழுக்க பிளாஸ்டிக் தாளை ஒட்டி அதன்மேல் சட்டம் அடியுங்கள் என்றார். ஃபோன் வந்து அவர் போய்விட, அடுத்து வந்தவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, பிளாஸ்டிக் மட்டும் போடாதீர்கள், உள்ளே தண்ணீர் சிக்கிச் சட்டமெல்லாம் மக்கிவிடும் என்றார். ஒரே கடை, ஒரே சட்டை போட்ட இரண்டு பேர். நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் உட்கார்ந்து, யார் சொன்னதைக் கேட்பது என்று சண்டை போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தோம்.

வீட்டுக்குள் அறை கட்டவும் இங்கே நகராட்சி அனுமதி வேண்டும். ஃபோன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல். அழுத்தி அழுத்திக் கடைசியில் முதல் குரலிடமே வந்து சேர்ந்தேன். நேரில் போனேன். என் சுவர் ஈரமாகிக்கொண்டே இருக்கிறது என்பதை 'வெட்டிங், வெட்டிங்' என்று இங்கிலீஷில் நான் சொன்ன அழகில், கவுன்ட்டரில் இருந்த பெண் கல்யாணத்துக்கா வீட்டை மாற்றுகிறீர்கள் என்று கேட்டு வாழ்த்தும் சொன்னாள். பத்து வருஷம் காப்பிக்கடையில் இங்கிலீஷ் பேசியவள் நான். காப்பிக்கு வேண்டிய இங்கிலீஷ் சுவருக்குப் போதவில்லை.

பிறகு நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு ஒரு அம்மா வந்தார். சுவரைப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னலையும் பார்த்திருப்பார், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஈரத்தோடு மூடினால் பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் வளரும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும். தண்ணீர் சுவர் வழியாக வருகிறதா, அறையிலிருந்தே வருகிறதா என்று கண்டுபிடியுங்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒட்டினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் முன்பக்கம், நம்மைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். பிரித்தால் பின்பக்கம், சுவரோடு ஒட்டியிருந்த பக்கம், காய்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா, சுவர்லேருந்து தண்ணி பிளாஸ்டிக்கயே தொளச்சிட்டு வருது" என்றேன்.

"பிளாஸ்டிக்க எப்படிட்டி தொளைக்கும்?"

"அப்ப வேற எங்கேருந்து வருது? ஆகாசத்துலேருந்தா?"

அவர் டேப்பைச் சுருட்டி எறிந்துவிட்டு மேலே போனார். நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. காற்றிலிருந்து தண்ணீர் வரும் என்று எந்தக் கரிசல்காட்டுக்காரிக்குத் தோன்றும்? எங்கள் ஊர்க் காற்று தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் போகும். கொண்டுவந்து கொடுத்ததே கிடையாது.

வளர்மதி மட்டும் இந்தக் கூத்தில் தலையிடவே இல்லை. கோடை விடுமுறைக்கு ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். வந்ததும் மாடிப்படியில் நின்று, "காஞ்சிருச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். "இன்னும் இல்லட்டி" என்பேன். "ம்" என்று மேலே போய்விடுவாள். அறைமேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாளே, ஏமாந்துவிடுவாளே என்று மறுபடி இறங்கிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பேன்.

5

ஆகஸ்ட் பிறந்தது. சுவரில் பூஞ்சணம் என் உயரத்துக்கு ஏறிவிட்டது. பெட்டிகளில் இருந்தது சட்டத்துக்கும், சட்டத்தில் இருந்தது சுவருக்கும் போயிருந்தது. கீழே இறங்கினாலே மூடிக் கிடந்த பழைய பானையின் வாடை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு இதை ஒழித்துக் கட்டாமல் விடுவதில்லை என்று, துணி வெளுக்கும் திரவத்தை வாளியில் கரைத்துக்கொண்டு இறங்கினேன். முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து ஓடியது. அந்த நெடியும் பூஞ்சணத் தூசியும் நெஞ்சில் ஏறிவிட்டது. இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் வீட்டில் இல்லை. கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. செத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

வளர்மதி படியில் ஓடி வந்தாள். என்னைத் தூக்கிப் படியில் உட்கார வைத்து, பக்கவாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள். புல்லில் உட்கார்ந்து மூச்சுத் திரும்புகிற வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் கை என் முதுகில் பட்டது.

நெடி போன பிறகு அவள் திரும்பிப் போய், வாளியைக் கொட்டிவிட்டு, இரண்டு ஃபேனையும் நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஏன் மூடுன? காயட்டும்" என்றேன்.

"காயாதும்மா. தொறந்து வச்சா காயவே காயாது."

"என்ன சொல்லுத?"

"ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கோக் கேன் வேர்க்குதுல்லாம்மா? உள்ள இருக்க தண்ணியா வெளிய வருது? வெளிக்காத்துல இருக்க தண்ணி, கேன் ஜில்லுன்னு இருக்கவும் அதுல ஒட்டுது. அந்தச் சுவருக்குப் பின்னால மண்ணு. கோடைலயும் ஜில்லுன்னுதான் இருக்கும். இங்க வெளிக்காத்து ஃபுல்லா தண்ணி. நீங்க ஃபேன் வச்சு அத உள்ள இழுக்கீங்க."

 பிளாஸ்டிக்கின் முன்பக்கம் ஏன் நனைந்தது, பின்பக்கம் ஏன் காய்ந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இரண்டு மாதமாக நானே தண்ணீரைக் கொண்டுவந்து சுவரில் ஊற்றியிருக்கிறேன்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் குனிந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, கேக்கேன்லா?"

"மொதல்லயே தெரியும். ரூம் கேக்கறதுக்கு முன்னாடியே லைப்ரரில புக் எடுத்துப் பாத்தேன்."

"பெறவு ஏன் சொல்லல?"

இன்னும் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"சொன்னா சுவர் காஞ்சிரும்லா."

எனக்கு உடனே விளங்கவில்லை. காய வேண்டும் என்றுதானே எல்லாரும் பாடுபடுகிறோம் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அறை வேண்டும் என்று கேட்டவளுக்கு அறை வேண்டாம். முடியாது என்று தெரிந்து கேட்டிருக்கிறாள். எங்களிடம் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சுவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். படியில் நின்று தினமும் "காஞ்சிருச்சா" என்று கேட்டது ஆசையில் இல்லை. பயத்தில்.

அப்படி மறைத்து வைத்திருந்ததை, நான் இருமுவது பொறுக்காமல் இன்று சொல்லியும் விட்டாள்.

"நான் இங்கனயே படிக்கேம்மா. ரூம் ரெடியாயிரும் இனி" என்று எழுந்து உள்ளே போனாள். அவளுக்குக் கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே என்ன என்று தெரியவில்லை. ஏமாற்றிவிட்டாளே என்று திட்ட வாய் வந்தது. என் பிள்ளை என்னை விட்டுப்போக இவ்வளவு தவித்தாளா என்று அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யாமல் வெகுநேரம் புல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.

6

ஜன்னலைச் சாத்தியாயிற்று. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் ஒரு எந்திரம் வாங்கி வந்து நடுவில் வைத்தோம். அதன் வாளி தினமும் நிறைந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தவள் நான். இங்கே வெறும் காற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து வாசலில் கொட்டினேன். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் யாரோ பார்த்துத் திட்டப் போகிறார்கள் என்று கை கூசியது.

அண்ணனிடம் சொன்னேன். "சன்னல மூடுனா சுவரு காயுமா? என்னட்டி கேலி பண்ணுதியா?" என்றார். அவரிடம் இதை நிறுவ எனக்குத் தெம்பு இல்லை. அவர் ஊர்க் காற்றுக்கு அவர் சொல்வது சரிதானே.

பத்துப் பதினைந்து நாளில் சுவர் வெளுத்தது. பூஞ்சணம் பிடித்த பெட்டியையும் சட்டத்தையும் தூக்கி எறிந்தோம். முகத்தைக் கட்டிக்கொண்டு மிச்சத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்தோம். புதிதாக ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது முன்பக்கமும் காய்ந்திருந்தது. ஓரத்தை உரித்துப் பார்த்தேன், பின்பக்கமும் காய்ந்திருந்தது. இவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். இந்தத் தடவை பஞ்சு வேண்டாம், ஈரம் ஏறாத நுரைப்பலகையைச் சுவரோடு நேராக ஒட்டி, அதற்கு முன்னால் சட்டம் நிறுத்தப் போகிறேன் என்று படம் வரைந்து காட்டினார். அந்த ஆய்வு அம்மாவுக்கும் ஃபோன் செய்ய வேண்டும் என்றார். லீவு போட்டு உழைத்தால் மாதம் முடிவதற்குள் அறை ரெடி.

வளர்மதியோ சொன்ன சொல் மாறாமல் இருந்தாள். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, "ஏதாவது அடிங்கப்பா" என்றாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். திருநெல்வேலி வேண்டாம் என்று அப்பா சொன்ன அன்று, சரிப்பா என்று நான் சிரித்தேனே, அதே சிரிப்பு.

மறுநாள் இவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது நான் துணியை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இந்த வருஷம் வேண்டாம்" என்றேன்.

"எது வேண்டாம்?"

"ரூமுதான். சுவரு இன்னும் சரியாக் காயல. ஒரு குளிர்காலம் கழியட்டும், பெறவு பாப்போம்."

அவர் சுவரில் கை வைத்தார். இன்னொரு இடத்திலும் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தானட்டி காஞ்சிருக்கு."

"உங்களுக்கு மில்லுல பஞ்சத் தொட்டுத்தான் பழக்கம். எனக்குத் தெரியும். உள்ள ஈரம் இருக்கு."

"அப்ப பிள்ள?"

"போயிட்டு வரட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். நாடாவை இழுப்பதும் விடுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்தார். எங்கள் வீட்டில் எல்லாம் தாமதமாகத்தான் அவருக்குப் பிடிபடும், ஆனால் பிடிபட்டால் கேள்வி கேட்க மாட்டார்.

"சரி. தீப்பெட்டி ஆபீஸ்காரி நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து மேலே போனார். அளவு நாடா படியிலேயே கிடந்தது.

அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வளர்மதி இறங்கி வந்தாள். நான் மெஷின் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். துணியெல்லாம் போட்டு முடித்திருந்தது. போட்டதையே வெளியே எடுத்து மறுபடி போட ஆரம்பித்தேன்.

"அப்பா சுவர் காயலன்னு சொல்லுதாங்க."

"ஆமா. ஆகஸ்டுக்குள்ள ரூம் போட முடியாதுட்டி. சொன்ன சொல்லு எங்களால காப்பாத்த முடியல. நீ ஹாஸ்டலுக்கு வாரேன்னு சொல்லிரு."

பின்னால் டேப்பை உரிக்கும் சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பிளாஸ்டிக் துண்டைப் பிரித்துக் கீழே போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் உள்ளங்கை முழுவதையும் பதித்து வைத்துக்கொண்டு நின்றாள். எடுக்கவே இல்லை. அவளுக்குத் தெரியாமல் போக அது என்ன பெரிய கணக்கா? எதையாவது கேட்டுவிடுவாளோ, கேட்டால் நான் உடைந்துவிடுவேனே என்று பயந்து, ஈரத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றாள். "ஈரமாத்தான் இருக்கு."